சாம்பார் சாதத்தின் கரிக்கணக்கு
மாநகராட்சி வாங்கும் உணவும் சூடாகும் பூமியும்: யானைக்கவுனியிலிருந்து ஒரு பார்வை

மதியம் பன்னிரண்டு மணி ஆனால் வால்டாக்ஸ் ரோட்டின் வேகம் கொஞ்சம் குறையும். காலையிலிருந்து பிளைவுட்டும் மரச்சட்டமும் துணி மூட்டையும் பார்சல் பெட்டியுமாகச் சுமந்த மீன்பாடி வண்டிகள் ஓரங்கட்டும். யானைக்கவுனியின் சந்துகளிலிருந்து, சவுகார்பேட்டையின் குடோன்களிலிருந்து, மூலக்கொத்தளம் பக்கமிருந்து தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். காலை நாஷ்டாவுக்கு வந்திருந்தால் இட்லி ஒன்று ஒரு ரூபாய். 2013 பிப்ரவரியில் முதல் உணவகம் திறந்தபோது வைத்த விலை இன்னும் மாறவில்லை. எவர்சில்வர் தட்டில் வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு மறுபடி வண்டியை எடுப்பார்கள்.

காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் இந்த வரிசை வருவதே இல்லை. அதில் நிற்பவர்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது, கார் கிடையாது, விமானம் ஏறியவர்கள் அரிது. ஒரு மனிதருக்கு இவ்வளவு என்று கரியமில வாயுவைப் பங்கு பிரித்தால், இந்த நகரத்தில் கடைசியில் நிற்பவர்கள் இவர்கள்தான். வெயிலும் வெள்ளமும் வந்தால் முதலில் அடிபடுபவர்களும் இவர்களே. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தட்டு அரசு வாங்கிய பொருளால் நிரம்பியது. அந்த அரிசியும் பருப்பும் எந்த வயலில் விளைந்தன, எந்த அடுப்பில் வெந்தன, மிஞ்சியது எங்கே போனது என்று பார்த்தால் அங்கே ஒரு பெரிய கரிக்கணக்கு இருக்கிறது. அதைச் சாப்பிடுபவரின் பெயரில் எழுதக் கூடாது. வாங்குபவரின் பெயரில் எழுத வேண்டும். வாங்குபவர் அரசு.

உலக அளவில் மனிதர்கள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவோடு தொடர்புடையது. உழவு, உரம், கால்நடை, காடழிப்பு, ஆலை, போக்குவரத்து, சமையல், குப்பை எல்லாம் அதில் அடக்கம். தனி மனிதரைப் பார்த்து ‘நீ சாப்பிடுவதை மாற்று’ என்று சொல்வது எளிது, நடப்பது குறைவு. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், மலிவு விலை உணவகம் என்று தினமும் ஆயிரக்கணக்கான தட்டுகளை நிரப்பும் நகராட்சிகள் தங்கள் கொள்முதலை மாற்றினால், ஒரே உத்தரவில் வயல்வரை அதன் விளைவு போகும். 2019 அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய 14 நகரங்கள் இந்த எண்ணத்தில்தான் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. 2030க்குள் தங்கள் பொது உணவுக் கொள்முதலை உடலுக்கும் பூமிக்கும் ஏற்றதாக மாற்றுவது அதன் சாரம். பாரிஸ், லண்டன், மிலான், டோக்கியோ, சியோல், லிமா, கெசான் சிட்டி எல்லாம் பட்டியலில் இருந்தன. ‘சி40’ எனும் அந்த நகரங்களின் கூட்டமைப்பில் சென்னையும் உறுப்பினர். ஆனால் அந்தப் பட்டியலில் சென்னை இல்லை.

2023இல் சென்னை தனக்கென ஒரு காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் கரிச் சமநிலை என்பது இலக்கு. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, திடக்கழிவு, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும், எளிய மக்களின் நலம் ஆகிய ஆறையும் முதன்மைத் துறைகளாக அது எடுத்துக்கொண்டது. மாநகராட்சி வாங்கும் உணவுக்கு அதில் தனி இடம் இல்லை. தினமும் பல்லாயிரம் தட்டுகளை நிரப்பும் ஒரு மாநகராட்சிக்கு இது பெரிய விடுபடல் என்று நினைக்கிறேன்.

ஓர் அணாவில் தொடங்கிய கதை

உள்ளாட்சி அமைப்பு உணவு வாங்குவது சென்னைக்குப் புதிதல்ல. வடசென்னையோடு பிரிக்க முடியாத பெயரான பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று ஆங்கில அரசு தடை சொன்னதால் 1925இல் நின்றுபோனது. பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, கருணாநிதி காலத்தில் சேர்ந்து கூடிய முட்டை, 2013இல் ஜெயலலிதாவின் அம்மா உணவகம், 2022 செப்டம்பரில் ஸ்டாலினின் காலை உணவுத் திட்டம் என்று அது வளர்ந்தது. அரசியலில் ஒருவரோடு ஒருவர் மோதியவர்கள் பசிக்குச் சோறு போடுவதில் மட்டும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டின் பெருமைகளில் எதை முதலில் சொல்வது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த முதல் தீர்மானத்திலிருந்து இன்றுவரை ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு தட்டுக்கு என்ன செலவு என்பதே கணக்கு. அன்று அணா, இன்று ரூபாய். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் வர வேண்டும்: ஒரு தட்டுக்கு எவ்வளவு கரி.

அதற்காக கோபன்ஹேகனின் வழியை அப்படியே எடுத்துவந்து இங்கே நடக்க முடியாது. ஐரோப்பிய நகரங்களில் பொதுச் சமையலறை என்றால் மாட்டிறைச்சி, பன்றி, பாலாடைக்கட்டி. ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு உலகச் சராசரியில் 60 கிலோவுக்கும் மேல் பசுங்குடில் வாயு. ஒரு கிலோ பருப்புக்கு ஒரு கிலோவை ஒட்டி. இறைச்சியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினாலே அங்கே பெரும்பகுதி வேலை முடிந்தது. யானைக்கவுனியின் அரசுத் தட்டில் ஆடும் இல்லை, மாடும் இல்லை, கோழியும் இல்லை. இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மாலையில் சப்பாத்தி. பள்ளிச் சத்துணவில் முட்டை. எனவே நாம் தேட வேண்டிய இடம் வேறு: நெல்வயல், எண்ணெய், அடுப்பு, குப்பை.

நெல்வயலில் எழும் வாயு

தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்து காற்றில் கலக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 80 மடங்கு சூடேற்றும். மனிதச் செயலால் வரும் மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல்வயலிலிருந்து வருகிறது. இதனால்தான் ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் 4 கிலோ அளவுக்கு வாயு என்று கணக்கிடுகிறார்கள். கோதுமைக்கு அது ஒன்றரைக் கிலோவை ஒட்டி.

காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023இல் விரிவாக்கப்பட்டபோது சென்னையில் 350க்கும் மேற்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளில் சுமார் 65,000 பிள்ளைகள் அதில் வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ சிறுதானியமோ 50 கிராம், பருப்பு 15 கிராம் என்பது அரசு வகுத்த அளவு. ஒரு நாளைக்குத் தானியம் மூன்றேகால் டன். அது முழுக்க அரிசியாக இருந்தால் உலகச் சராசரிப்படி சுமார் 13 டன் வாயு. முழுக்கக் கோதுமை ரவையாக இருந்தால் 5 டன். உப்புமா என்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ரவா உப்புமாவும் கிச்சடியும் மாறி மாறி வரும் அந்தப் பட்டியல், யாரும் கரியைப் பற்றி நினைக்காமலே, அரிசித் தட்டைவிட லேசானதாக அமைந்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் கிடைக்கும் சிறுதானியத்தில் காலை உணவு தரலாம் என்று 2022 அரசாணையிலேயே இருக்கிறது. கம்பும் சோளமும் கேழ்வரகும் தண்ணீர் தேங்கிய சேற்றில் விளைவதில்லை, மானாவாரியில் விளைபவை. அவற்றின் வயலில் இந்த மீத்தேன் இல்லை. எனவே ஆணை சரியாகத்தான் இருக்கிறது. அதை நகரத்தின் சமையற்கூடம்வரை கொண்டுவருவதுதான் பாக்கி.

கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. சிறுதானியம் அரிசியைவிட விலை கூடியது. ஆலையில் தோல் நீக்கிய சில மாதங்களில் சிக்குவாடை அடிக்கும். பெரிய அண்டாவில் பதம் தவறினால் கட்டியாகும். ஒருமுறை கட்டியான கிச்சடியைச் சாப்பிட்ட பிள்ளை மறுமுறை தட்டை அப்படியே கவிழ்க்கும். குப்பைக்குப் போகும் கம்பு, வயிற்றுக்குப் போகும் அரிசியைவிடப் பூமிக்குக் கெடுதல். ஒடிசா 2017இல் தன் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, உழவர், அரைவை, சமைக்கும் பெண்கள் என்று எல்லாக் கண்ணியையும் சேர்த்த பிறகே அங்கன்வாடிகளில் கேழ்வரகு லட்டைக் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று தொடங்கினார்கள். இரண்டும் கேழ்வரகு புழங்கிய மாவட்டங்கள். வடசென்னைக்கும் அந்த ருசி அந்நியமல்ல. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கோடைக் காலையில் தள்ளுவண்டிக் கூழைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து ரூபாய்க்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், ஒரு வெங்காயம், ஒரு மோர் மிளகாய் என்று அம்மா உணவகம் கோடையில் கொடுத்தால் லோடு ஏற்றும் ஆட்களுக்கு அதைவிடப் பொருத்தமான மதிய உணவு எது?

அதற்காக அரிசியை விரட்ட வேண்டியதில்லை, விரட்டவும் முடியாது. காவிரி டெல்டாவின் பிழைப்பே அதுதான். அரிசியை எப்படி விளைவிக்கிறோம் என்பதில் செய்ய நிறைய இருக்கிறது. ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நெல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பது நம் உழவர்கள் வாயில் புழங்கும் பேச்சு. வயலில் தண்ணீர் வற்றி மண் லேசாக வெடிக்கத் தொடங்கும்போது மறுபடி பாய்ச்சுவது. மண்ணுக்குள் காற்றுப் போனால் மீத்தேன் உருவாவது மட்டுப்படும். இந்த ஒன்றாலேயே வயலின் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும் என்று பல நாடுகளின் வயல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை, தண்ணீரும் மிச்சம். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010இல் ‘இராசராசன் 1000’ என்று பெயர் சூட்டி அரசே பரப்பிய செம்மை நெல் சாகுபடியின் ஓர் அங்கமும் இதுதான். ஆனால் முறை வைத்து வாய்க்காலில் வரும் தண்ணீரை நம்பியிருக்கும் உழவர், தண்ணீர் வரும் நாளில் வயலை நிரப்பிக்கொள்ளத்தான் பார்ப்பார். அடுத்த முறை எப்போது என்று யாருக்குத் தெரியும்? போர்வெல் உள்ளவருக்கு எளிது, வாய்க்கால் கடைமடைக்காரருக்கு அரிது. ஆகவே உழவரிடம் உபதேசம் செய்வதைவிட, அப்படி விளைந்த நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு ஒரு தொகை கூட்டிக் கொடுப்பதே நேர்மை.

கொள்முதல் நிலையம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி மழையில் நிலையத்து வாசலில் நனைந்து முளைவிடும் நெல் மூட்டைகளின் படம் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் வருகிறது. அந்த நெல்லுக்கான மீத்தேன் வயலில் ஏற்கெனவே வெளியேறிவிட்டது, சோறு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு தார்ப்பாயும் ஒரு சிமென்ட் களமும் காலநிலை நடவடிக்கை என்று யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இதில் மாநகராட்சியின் கை எவ்வளவு நீளம்? அம்மா உணவகத்துக்கு அரிசியைச் சந்தையில் வாங்குவதில்லை. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் கிலோ ஒரு ரூபாய்க்குத் தருகிறது. எனவே டெல்டா வயலை மாற்றும் பேனா ரிப்பன் மாளிகையில் இல்லை. ஆனால் ‘எங்கள் சமையற்கூடங்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விளைந்த நெல்லின் அரிசியைத் தனியாக ஒதுக்குங்கள்’ என்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டுக் கேட்க முடியும். 1920இல் இதே மன்றம்தான் முதலில் கேட்டது.

பருப்பு, முட்டை, எண்ணெய்

பருப்பில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு கிலோவுக்கு மிகக் குறைந்த வாயு, அதிகப் புரதம். மண்ணில் தழைச்சத்தையும் விட்டுப்போகும் பயிர். சாம்பாரைக் கெட்டியாக்கினால் உழைக்கும் உடம்புக்கும் நல்லது, கரிக்கணக்குக்கும் நல்லது. காசு மட்டும் கூடும். அரிசியில் பத்துக் கிராம் குறைத்துப் பருப்பில் பத்துக் கிராம் கூட்டிய தட்டை வறுமைத் தட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முட்டையைத் தொடக் கூடாது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் அந்த முட்டைக்கு ஒரு கிலோவுக்கு அரிசியை ஒட்டிய அளவு வாயுதான் உண்டு, ஆனால் ஊட்டம் பல மடங்கு. வாரத்தில் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று 2010இல் வந்தது நெடுநாள் போராட்டத்தின் பலன். நாட்டின் வேறு சில மாநிலங்களில் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சமயக் காரணம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் காலநிலை என்ற புதிய காரணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. மெலிந்த பிள்ளையின் தட்டில் பூமியைக் காப்பாற்றுவது அநியாயம்.

காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது மீனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் உலகிலேயே கரிச்சுமை மிகக் குறைந்த விலங்கு உணவுகளில் சேர்ந்தவை என்று 2021இல் கடல் உணவு பற்றி வெளியான பெரிய ஆய்வு சொன்னது. வடசென்னையின் அரசுத் தட்டில் வடசென்னைக் கடல் ஒருநாளும் வருவதில்லை. முள், கெட்டுப்போதல், சைவக் குடும்பங்கள் என்று தடைகள் நிஜமானவை. வாரத்தில் ஒருநாள் அம்மா உணவகத்தில் மட்டும், விரும்புபவருக்கு, நெத்திலிக் குழம்பு. காசிமேட்டுப் பெண்கள் குழுக்களிடம் நேரடியாக வாங்கினால் நடக்கக்கூடியதுதான்.

எண்ணெய் வேறு கதை. ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் பாமாயில் வந்து நெடுநாளாகிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காட்டையும் கரிச்சதுப்பையும் அழித்து நட்ட செம்பனையின் எண்ணெய்க்குக் கிலோவுக்கு ஏழு கிலோவுக்கும் மேல் வாயு என்பது உலகச் சராசரி. ரேஷனில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுங்கள் என்று நம் தென்னை விவசாயிகளும் கடலை விவசாயிகளும் சாலைக்கு வந்து கேட்கிறார்கள். உள்ளூர் எண்ணெய் விலை கூடியது என்ற பதில் உண்மைதான். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றப் பணம் போதாது. பள்ளிச் சமையலில் மட்டும் தொடங்கப் போதும்.

காய்கறியில் ஒரு பொதுவான எண்ணம் உண்டு: பக்கத்தில் வாங்கினால் போதும், பூமி தப்பிக்கும் என்று. யானைக்கவுனிக்குக் கூப்பிடு தூரத்தில் கொத்தவால்சாவடி சென்னையின் காய்கறிச் சந்தையாக இருந்த காலம் 1996இல் முடிந்து, சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அந்தக் கூடுதல் தூரத்தால் கரிக்கணக்கு பெரிதாக ஏறிவிடவில்லை. பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தூரத்தைவிட, வழியில் அழுகிக் கொட்டப்படும் தக்காளியும் கீரையும்தான் பெரிய இழப்பு. அன்றைய விலைக்கும் வரத்துக்கும் ஏற்பக் காயை மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சமைப்பவருக்குக் கொடுத்தால் அந்த இழப்பில் ஒரு பங்கைச் சமையற்கூடமே தடுக்கும்.

அடுப்பும் கொடுங்கையூரும்

அம்மா உணவகத்தின் அடுப்பு கேஸ் அடுப்பு. 19 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் 57 கிலோ அளவுக்குக் கரியமில வாயு. விறகுப் புகையில் நின்ற பெண்களின் நுரையீரலை நினைத்தால் கேஸ் பெரிய விடுதலை, அதில் சந்தேகம் இல்லை. இப்போது எல்லோரும் மின் அடுப்புக்கு மாறச் சொல்கிறார்கள். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின் அடுப்பு சூட்டை வீணாக்காது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், இன்றைய நிலையில் ஓர் அண்டா சாதத்துக்கு மின்சாரம் கேஸைவிடக் கூடுதலாகவே கரி விடும். அந்தக் கரியும் கண்காணாத ஊரில் விழாது. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின்நிலையச் சாம்பலோடு வாழ்பவர்கள் இதே வடசென்னை மக்கள். சமையற்கூடத்தின் கூரையில் சூரியத் தகடு வந்தால் கணக்கு மாறும். ஷீரடியில் சூரிய வெப்பத்தில் நீராவி எடுத்துப் பல ஆண்டுகளாகச் சமைக்கிறார்கள். அதுவரை அரிசி, பருப்பை முன்கூட்டி ஊறவைப்பது, அண்டாவை மூடியே வேகவைப்பது, நசுங்கிய பாத்திரத்தையும் ஓட்டை பர்னரையும் மாற்றுவது ஆகியவையே கைக்கு எட்டிய சேமிப்பு. 2024 ஜூலையில் அம்மா உணவகங்களைப் புதுப்பிக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கியபோது பாத்திரங்களுக்கென 7 கோடி போனது. அடுத்தமுறை வாங்கும்போது எரிபொருள் சிக்கனமும் ஒரு நிபந்தனையாக இருக்கலாம்.

மிஞ்சியது எங்கே போகிறது? வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. பல பத்தாண்டுகளாகக் குவிந்த அந்த மேட்டுக்குள் ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகி, நெல்வயலின் அதே மீத்தேனை விடுகிறது. கோடையில் தீப்பிடித்து ஊரே மூச்சுத் திணறிய நாட்களை அங்கே குடியிருப்பவர்கள் மறக்கவில்லை. அந்த இடத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025இல் வடசென்னைக் குடியிருப்போர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈரக் குப்பை எரியாது; எரிக்க வேண்டுமானால் கூடவே பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டும். ஈரக் குப்பைக்குச் சரியான இடம் உயிரி எரிவாயுக் கலன். உணவுக் கழிவிலிருந்து வாயு எடுக்கும் ஆலையை மாநகராட்சி சேத்துப்பட்டில் ஏற்கெனவே நடத்திப் பார்த்திருக்கிறது. காலை உணவின் பெரிய சமையற்கூடங்களில் தினமும் விழும் காய்த்தோலும் கஞ்சியும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக் கலக்காத சுத்தமான கழிவு. அதைக் கொடுங்கையூருக்கு அனுப்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை. சமையற்கூடத்து முற்றத்திலேயே ஒரு கலன் வைத்தால் கேஸ் சிலிண்டரில் ஒரு பங்கு குறையும்.

இத்தனைக்கும் முதல் படி தராசு. எவ்வளவு சமைத்தோம், எவ்வளவு மிஞ்சியது என்று தினமும் நிறுத்து எழுதினால், எந்த நாள் எந்த உணவு குப்பைக்குப் போகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். கோபன்ஹேகனில் ஏறத்தாழ 900 பொதுச் சமையலறைகளைச் சூழலுக்கேற்ற உணவுக்குத் திருப்பியபோது அவர்கள் பெரிதும் செலவிட்டது சமைப்பவர்களின் பயிற்சிக்கு. வீணாவதைக் குறைத்து மிச்சமான பணத்தில்தான் நல்ல பொருள் வாங்கினார்கள்.

டெண்டர் தாளில் ஒரு வரி

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. நிபந்தனையை நிறைவேற்றுபவர்களில் விலை குறைத்துச் சொன்னவருக்கு ஒப்பந்தம் என்பது அதன் நடைமுறை. ஊழலைத் தடுக்க அது தேவை. ஆனால் நிபந்தனையில் எழுதாத எதையும் பிறகு கேட்க முடியாது. ‘பருப்பு இந்தத் தரம், இந்த ஈரப்பதம்’ என்று எழுதும் அதே இடத்தில், விளைந்த முறை, எண்ணெய் வகை, கழிவைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு ஆகியவற்றையும் எழுத வேண்டும். பிரேசில் 2009இல் பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் 30 விழுக்காடாவது சிறு உழவர் குடும்பங்களிடம் வாங்கச் செலவாக வேண்டும் என்று சட்டமே போட்டது. வாங்கும் முறையை மாற்றியதால் நாட்டின் சிறு உழவர்களுக்கு நிலையான சந்தை கிடைத்தது. தருமபுரிக் கேழ்வரகுக்கும் விருதுநகர்க் கம்புக்கும் சென்னைப் பள்ளிகள் அப்படி ஒரு சந்தையாக முடியும்.

இப்போதே எழுத ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்துக்கு எதிராக ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். யானைக்கவுனித் தெருக்களைக் கூட்டுபவர்களும் ராயபுரம் மண்டலத்தைச் சேர்ந்தவர்களே. அவர்கள் கேட்டது வேலை நிரந்தரம். அது கிடைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சென்னைத் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச உணவுத் திட்டம் தொடங்கியது. உரிமைக்கு உணவு ஈடாகாது. ஆனால் அந்த உணவு வந்திருக்கிறது, பல்லாயிரம் பேர் தினமும் சாப்பிடுகிறார்கள். புதிதாகத் தொடங்கிய கொள்முதல் என்பதால் பழைய பழக்கத்தின் சுமை அதற்கு இல்லை. சிறுதானியமும் கெட்டிப் பருப்பும் முட்டையும் தராசும் கழிவுக் கலனும் அந்த ஒப்பந்தத்தில் முதலில் வரட்டும்.

இந்தச் சமையற்கூடங்களை வெறும் செலவாகப் பார்ப்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளை நினைவூட்ட வேண்டும். 2015 வெள்ளத்தில் அம்மா உணவகம் விலை வாங்காமல் சோறு போட்டது. 2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது வால்டாக்ஸ் ரோட்டில் வேலையிழந்த சுமைத் தொழிலாளர்களும் ஊர் திரும்ப முடியாத வடமாநிலத்தவரும் அதையே நம்பி இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தபோது, சமைத்த உணவுப் பொட்டலங்கள் மாநகராட்சிச் சமையற்கூடங்களிலிருந்தே போயின. வெள்ளமும் புயலும் வந்த அந்த நாட்களில்தான் காலநிலை மாற்றம் என்ற வார்த்தையின் முழுப் பொருளை வடசென்னை அனுபவித்தது. அடுத்த புயலுக்கும் இந்த அடுப்புகள் தேவைப்படும். எனவே கரியைக் குறைப்பதென்பது உணவகத்தை மூடுவதற்கோ அளவைக் குறைப்பதற்கோ சாக்காகக் கூடாது; ஒவ்வோர் உணவகமும் நன்றாக நடப்பதற்கான காரணமாக வேண்டும்.

அந்த அடுப்பின் முன் நிற்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். விடியற்காலையில் மாவும் காயும் எடுத்து வைத்து, காலை இட்லியிலிருந்து மாலைச் சப்பாத்திவரை நின்றே வேலை செய்பவர்கள். நீண்ட காலம் அவர்களின் நாள் கூலி முந்நூறு ரூபாயை ஒட்டியே இருந்தது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் அவர்கள் கைவேலையைக் கூட்டும். சிறுதானியத்தைக் கல் நீக்கி ஊறவைப்பது, மிச்சத்தை நிறுத்து எழுதுவது, கழிவைப் பிரித்துக் கலனில் கொட்டிக் கிளறுவது எல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகள். அந்த நேரத்துக்கு உரிய கூலியும், பயிற்சி நாட்களுக்குச் சம்பளமும், ஆள் பற்றாத இடத்தில் கூடுதலாக ஓர் ஆளும் முதல் செலவாக வரவுசெலவுத் திட்டத்தில் வர வேண்டும். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ராயபுரம் மண்டலத்துக் கவுன்சிலர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.